இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். நாணயத்தைச் சுண்டினால் பூவுக்கும் தலைக்கும் சம வாய்ப்பு என்று ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அப்படிப்பட்டவன் என் ஒரே மகளுக்கு அந்தச் சம வாய்ப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் வெளிநாட்டில் படிக்கப் போகாமல் போனதற்கு நான்தான் காரணம். நான் தடுத்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். தடுக்கவில்லை, ஏமாற்றினேன்.

எங்கள் வீடு மலையாளம் பேசும் ஊரான கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் அக்கிரகாரத் தெருவில் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அடுத்த வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். மகள் கடல்சார் உயிரியல் படித்தாள். அதிலும் கடல்பாசிதான் அவளுக்குப் பிடித்தது. விடுமுறை நாட்களில் கடல் வற்றும் நேரம் பார்த்து பஸ் பிடித்து விழிஞ்ஞத்துப் பாறைகளுக்குப் போவாள். பை பையாகப் பாசி கொண்டுவந்து மொட்டைமாடியில் பழைய செய்தித்தாள் விரித்துக் காயவைப்பாள். தெரு முழுக்க உப்பு வாடை அடிக்கும்.

அடுத்த வீட்டு மாமி கொல்லையில் நின்றபடி கேட்பாள்.

"மாமா, உங்காத்து மாடியிலே என்ன, கருவாடா காயறது? நேக்கு ரெண்டு நாளா ரசம் இறங்கலை."

மாடியிலிருந்து மகள் பதில் சொல்வாள். "மாமி, நீங்க திங்கற ஐஸ்கிரீம்லயும் இதாக்கும் போடறா."

"அதான் நேக்கு ஐஸ்கிரீம் ஒத்துக்கலை."

இந்த வாயாடல் வாரம் தவறாமல் நடக்கும். எனக்கு அது பிடிக்கும். அப்போது என் மனைவி இறந்து இரண்டாவது திவசம் முடிந்திருந்தது. வீட்டில் சத்தம் என்றால் இவர்கள் இருவரின் சத்தம்தான்.

ஒரு மாலை மகள் மாடிப்படியில் வேகமாக இறங்கிவந்து, கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். கையில் ஃபோன்.

"அப்பா, கிடைச்சுடுத்து."

நார்வேயில் ஒரு பல்கலைக்கழகம். இரண்டு வருடப் படிப்பு. செலவு முழுவதும் உதவித்தொகையில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேரவும் வழி உண்டு. கடல்பாசியைப் பற்றிப் படிப்பதற்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் குறைவு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். விண்ணப்பம் போட்டது எனக்குத் தெரியும். கிடைக்காது என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன்.

"நல்லது," என்றேன்.

அன்றைக்கு எனக்குள் நானே சொல்லிக்கொண்ட காரணங்களை இப்போது நினைத்தால் கூசுகிறது. பெண் பிள்ளை, அந்தக் குளிர், சைவச் சாப்பாடு, வயது ஏறினால் வரன் அமையாது என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். எதுவும் உண்மையில்லை. மனைவி போன பிறகு விளக்கு வைக்கும் நேரத்தில் எனக்கு ஒரு பயம் வரும். அந்த நேரத்தில் சமையலறையில் ஒரு பாத்திரம் உருளும் சத்தமாவது கேட்க வேண்டும். எதிரில் யாரும் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது என்று நினைத்தேன். காரணம் அவ்வளவுதான்.

அவள் என்னிடம் நேராகக் கேட்கத்தான் செய்தாள். "நான் போனா அப்பாக்கு விஷமமா?"

மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். எங்கள் வீட்டுத் தமிழிலும் அந்த அர்த்தத்தில்தான் புழங்கும். எனக்கு வருத்தமா என்றுதான் கேட்டாள். மற்றத் தமிழர்கள் விஷமம் என்று எதைச் சொல்கிறார்களோ, அதைத்தான் நான் பிறகு செய்தேன்.

"எனக்கென்ன விஷமம். உன் இஷ்டம்," என்றேன்.

எங்கள் வீடுகளில் உன் இஷ்டம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். அவள் முகம் வாடியது. அதற்குப் பிறகு ஒரு நாள் போகிறேன் என்பாள், மறுநாள் வேண்டாம் என்பாள். பெட்டி வாங்க சாலைக் கடைத்தெருவுக்குக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தாள். நான் எதிலும் தலையிடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மட்டும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டேன். அவள் கவனிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். கவனித்தாள்.

பதில் எழுத வேண்டிய கெடு நெருங்கியபோது அவள்தான் சொன்னாள்.

"அம்மா இருந்தா பூ கட்டிப் பாத்திருப்பா. நாமளும் பாக்கலாமாப்பா?"

என் மனைவி எதற்கும் பூ கட்டிப் பார்ப்பவள். வீடு மாறலாமா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எல்லாவற்றுக்கும். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாக இலையில் மடித்து, உள்ளே எது என்று தெரியாமல் நாரால் கட்டி, அம்மன் நடையில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். கட்டியவர் எடுக்கக் கூடாது. நான் அவளை அதற்காகக் கேலி செய்துகொண்டே இருந்தவன். உன் அம்மனுக்கு நிகழ்தகவு தெரியுமா என்று கேட்பேன். என் மகளுக்கும் அது தெரியும். நான் மறுப்பேன் என்றுதான் அவள் எதிர்பார்த்திருப்பாள். நான் உடனே சரி என்றேன்.

"வெள்ளை வந்தா போறது. சிவப்பு வந்தா இங்கயே," என்றாள். "நீங்க கட்டுங்கோ. நான் எடுக்கறேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். வெள்ளைக்கு நந்தியாவட்டை. சிவப்புக்கு வெட்சி, இங்கே தெற்றி என்பார்கள். இரண்டையும் பறித்தேன். அதுவரை ஒழுங்காகக் கட்டுவதாகத்தான் எண்ணம். துணி துவைக்கும் கல்லில் வாழையிலைத் துண்டுகளை வைத்து முதல் பொட்டலத்தில் தெற்றியை மடித்தேன். இரண்டாவது இலையில் நந்தியாவட்டையை வைத்தேன். பிறகு அதை எடுத்துவிட்டு அங்கேயும் தெற்றியை வைத்தேன். இதில் ஒரு போராட்டமும் நடக்கவில்லை. பரீட்சைத் தாளில் ஒரு மதிப்பெண்ணைத் திருத்துவது போலச் செய்தேன்.

மீந்துபோன வெள்ளைப் பூக்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. கீழே போட்டால் அவள் கண்ணில் படும். உள்ளே கொண்டுபோய் மனைவியின் படத்துக்கு வைத்தேன். மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள்.

"அம்மாக்கு நீங்களே பூ வெச்சேளா," என்றாள். நான் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தெருக்கோடி அம்மன் கோயிலுக்கு நடந்தோம். சட்டையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். பூசாரி, இங்கே போற்றி என்பார்கள், பொட்டலங்களை வாங்கி நடையில் வைத்துப் பூஜை முடித்து, இலையில் வைத்து நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் உதடு அசைவதைப் பார்க்காமல் நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்தாள். நாரை அவிழ்த்தாள்.

தெற்றி.

ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போற்றி மற்றப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, "மற்றதும் கூடி நோக்கண்டே?" என்று கேட்டார். அதையும் பிரித்துப் பார்க்க வேண்டாமா என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கையை நீட்டி அதைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"வேண்டா. ஆற்றில் ஒழுக்கணும்."

"ஓ, நிங்ஙள் பட்டன்மார்க்கு ஓரோ ரீதி," என்று சிரித்தார். தமிழ்ப் பிராமணர்களுக்கு எதற்கும் ஒரு தனி வழக்கம் என்று இங்கே எங்களைக் கிண்டல் செய்வதுதான்.

மகள் மட்டும், "அம்மா துளசி மாடத்துலன்னா போடுவா?" என்றாள்.

"பெரிய காரியம்னா ஆத்துல விடணும்," என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கும் கிடையாது. சட்டை இல்லாததால் பொட்டலத்தை இடுப்பில் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். ஈர இலை வயிற்றில் ஒட்டியது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக ஆற்றுக் கடவுக்கு இறங்கினேன். தண்ணீரில் விடும் முன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். உள்ளே வெள்ளை இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. என் கையால் கட்டியது எனக்குத் தெரியாதா. தெற்றிதான் இருந்தது.

அன்று மதியம் அவள் மொளகூட்டலும் அப்பளமும் செய்திருந்தாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கவும் செய்தேன். நான் எழுந்து வந்தபோது நார்வேக்கு வரவில்லை என்று அவள் மெயில் அனுப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் கதை ஒன்றும் இல்லை. அவள் ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒவ்வொரு ஆண்டும் அதே பாடம், அதே ஆய்வகம். வரன்கள் வந்தன, ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போயின. கொஞ்ச காலம் பாறைகளுக்குப் போனாள். பிறகு அங்கே துறைமுக வேலை வந்ததும் போவது குறைந்தது. மாடியில் வத்தல் மட்டும் காய்ந்தது. மாமிக்குக்கூடச் சண்டைக்கு ஆளில்லாமல் போயிற்று. அவளோடு படித்த ஒரு பெண் அடுத்த ஆண்டு அதே நாட்டுக்குப் போனாள். அவள் அனுப்பிய படங்களை மகள் எனக்குக் காட்டுவாள். சாம்பல் நிறக் கடல், ஆள் உயரப் பாசி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண். "நன்னாருக்கு" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுப்பேன்.

நீ ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான். "அம்மன் விடலை." பாதி வேடிக்கையாகச் சொல்வாள். பாதிதான் வேடிக்கை. எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அம்மனுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் தன்னை இங்கே நிறுத்தினாள் என்று அவள் நம்பினாள். நான் காய்ச்சலில் படுத்த ஒவ்வொரு முறையும் அது அவளுக்கு உறுதியாயிற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கோயிலுக்குப் போய் விளக்கு வைத்தாள். சின்ன வயதில் என்னோடு சேர்ந்துகொண்டு அம்மாவின் பூவைக் கேலி செய்த பெண் அவள். நான் சொன்ன பொய்க்கு அவள் நமஸ்காரம் செய்துவிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தேன். பல தடவை சொல்லிவிட நினைத்தேன். இப்போது சொல்லி என்ன பயன், அவளுக்குத்தானே வருத்தம் என்று விட்டுவிட்டேன். அதுவும் எனக்காகத்தான்.

இந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கும்போது மறுபடியும் ஒன்று வந்தது. இந்த முறை அயர்லாந்து. கல்லூரி ஆசிரியர்களுக்கான உதவித்தொகை, பத்து மாதம் ஆராய்ச்சி செய்யலாம். இந்த வயதில் இனி இன்னொன்று வராது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்கு நாற்பதை நெருங்குகிறது. எனக்கு முழங்கால் மடங்குவதில்லை, ஒரு காது மந்தம். முன்பு நான் சொல்லிக்கொண்ட பொய்க் காரணங்களுக்கு இப்போது ஓரளவு உண்மை வந்துவிட்டது.

அவள் சொல்லிவிட்டு, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூ கட்டித் தரேளாப்பா?" என்றாள். "எனக்கு ஆலோசிச்சு ஆலோசிச்சு மதியாச்சு."

யோசித்து யோசித்து அலுத்துவிட்டது என்கிறாள். சரி என்றேன்.

காலையில் கொல்லைக்குப் போனேன். நந்தியாவட்டையை மட்டும் பறித்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டால் அவள் போய்விடுவாள், என் கணக்கும் நேராகிவிடும், அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று திட்டம் போட்டேன். பிராயச்சித்தம் என்றுகூட ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு பொட்டலம் கட்டியும் விட்டேன். இரண்டாவதில் நார் நழுவிக்கொண்டே இருந்தது. விரல் சொன்னபடி கேட்கவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான், அன்றைக்குச் செய்த அதே காரியத்தை நிறம் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவள் எங்கே இருக்க வேண்டும் என்பதை இந்த முறையும் நானே கட்டிக்கொண்டிருந்தேன்.

பூவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். அவள் புடவை கட்டித் தயாராக நின்றாள். உட்காரச் சொன்னேன். சொன்னேன்.

நீட்டி முழக்கவில்லை. ரெண்டுலயும் சிவப்பைத்தான் வெச்சேன், நீ எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும், அம்மனுக்கு ஒண்ணும் தெரியாது என்றேன். எனக்குத் தனியா இருக்கப் பேடி என்றேன். பயம் என்ற சொல் ஏனோ வாயில் வரவில்லை, பேடிதான் வந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுதாலாவது தேவலை என்று இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த வெள்ளைப் பூவை என்ன பண்ணினேள்?"

"அம்மா படத்துக்கு வெச்சேன்."

அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் முகத்தைத் திருப்பினாள்.

"வேண்டாம், போகாதேன்னு நீங்க வாயால சொல்லியிருந்தா உங்களோட சண்டை போட்டுண்டு போயிருப்பேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அம்மன் சொன்னா நான் ஆரோட சண்டை போடறது?"

இத்தனை நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஆறுதல் ஒன்று உண்டு. எப்படியும் அவள் என்னை விட்டுப் போயிருக்க மாட்டாள், பூ ஒரு சாக்குதான் என்று. அதை அவள் அந்த ஒரு வாக்கியத்தில் எடுத்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கோ" என்றேன். "சாப்பாடு மூடி வெச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் புடவையை மாற்றப் போனாள். அன்று கோயிலுக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு குறையும் இல்லை. வேளைக்குக் காப்பி வரும், மாத்திரை வரும். என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வரும். ஆனால் அயர்லாந்து பற்றி என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. போகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. அவள் ஃபோனில் மலையாளத்தில் பேசுவது அறைக்குள்ளிருந்து கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மந்தமான காது எதையும் பிடித்துத் தராது.

போன வாரம் அடுத்த வீட்டு மாமி கொல்லை வேலியருகே வந்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, வாய்க்கு ஆகவில்லை.

"மாமா, கேட்டேளா, அடுத்த மாசத்துலேர்ந்து உங்களுக்குச் சாப்பாடு எங்காத்துலேர்ந்தாக்கும். உங்க பொண்ணு எல்லாம் பறஞ்சு ஏற்பாடு பண்ணிட்டா. உப்பு கம்மி, புளி கம்மின்னு பெரிய பட்டியல். நீங்க பேசாம திங்கணும். என்னண்ட குத்தம் சொன்னா மறுநாள் கஞ்சிதான்."

அப்படித்தான் மகள் போவது எனக்குத் தெரிந்தது.

"தெரியும், சொன்னா," என்றேன். மாமியிடம் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை.

"எந்த ஊரு மாமா அது? நான் நாத்தனாரண்ட சொல்லணும். அயர்லாண்டுன்னா அதுல ஊரு உண்டோன்னோ?"

நான் விழித்தேன். மகள் முதலில் சொன்னபோது ஊர்ப் பெயரைச் சொல்லத்தான் சொன்னாள். என் காதில் விழுந்தது பத்து மாதம் என்பது மட்டும்தான். யோசித்துப் பார்த்தால், நார்வேயில் எந்த ஊர் என்றும் நான் கேட்டதில்லை. அங்கே என்ன பாடம், எந்தக் கடல், கடல்பாசியில் அவள் எதைத் தேடுகிறாள், ஒன்றும் கேட்டதில்லை. பட்டம் வாங்கியது தெரியும், மதிப்பெண் தெரியும்.

"கேட்டுச் சொல்றேன்," என்று உள்ளே வந்தேன்.

அவள் கட்டிலில் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடித்த ஸ்வெட்டர்கள், புதியவை. நான் வாசற்படியில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, கையில் இருந்ததை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என் மகள் என்னைக் கண்டு அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"எந்த ஊர்?" என்று கேட்டேன்.

அவள் கையில் இருந்ததைக் கட்டிலில் வைத்தாள். பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாள். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். இரண்டடி வந்துவிட்டேன். நின்று, மறுபடி அவள் பக்கம் திரும்பினேன்.

"கேக்கலை. இன்னொரு தரம் சொல்லு," என்றேன்.

அவள் எழுந்து, நல்ல காதின் பக்கமாக வந்து நின்று சொன்னாள்.